பிரேக் இன்ஸ்பெக்டர் மேடு ஏறிய கோடை

என் பெயர் கெர்பென். ஃப்ரீஸ்லாந்தின் ஸ்னேக் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டிவிடும். லைசென்ஸ் கேட்டு வருகிறவர்கள் வண்டி ஓட்ட, பக்கத்து இருக்கையில் மடியில் அட்டையோடு உட்கார்ந்து தப்புகளை எழுதுவது முப்பது வருஷமாக என் பிழைப்பு. இறைச்சிக் கடைக்காரரை இரண்டு முறை ஃபெயில் ஆக்கியிருக்கிறேன். அன்றிலிருந்து எனக்கென்று தேடிப்பிடித்து ஜவ்வாக வெட்டித் தருகிறார். பாதிரியாரின் மனைவியை ஒரு முறை. என் மனைவியின் தம்பி ஷூர்டை மூன்று முறை. எங்கள் பேச்சில் ஃபெயில் ஆனவனை ‘மூழ்கிட்டான்’ என்போம். கடல்மட்டத்துக்குக் கீழே குடியிருக்கிற சனங்கள், வேறு எப்படிச் சொல்வோம்?

என்னிடம் மூழ்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் மூழ்கியது மேட்டில். எங்கள் ஊரில் மேடு என்று ஒன்று கிடையாது. கால்வாயின் மேல் ஒரு பாலம் உண்டு. அதன் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்னால் நகராமல் கிளப்பச் சொல்வேன். நாலு விரற்கடை பின்னால் வந்தாலும் போதும், “ம்” என்பேன். திட்டமாட்டேன், கத்தமாட்டேன். வெறும் “ம்”. அப்புறம் எழுதுவேன். அந்த “ம்”மைக் கேட்டு ஒரு தபால்காரர் ஸ்டியரிங்கிலேயே தலையைக் கவிழ்த்து அழுதிருக்கிறார். நான் அதை என் தொழில் சுத்தத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி ரென்ஸ்கேவுக்கு லைசென்ஸ் உண்டு. என் சக அதிகாரி ஒருவர் பரீட்சை வைத்து முதல் தடவையிலேயே பாஸ் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை உட்காரவைத்து என் அம்மா வீட்டுக்கு ஓட்டினாள். பன்னிரண்டு கிலோமீட்டர். நான் ஒன்பது “ம்” சொன்னேனாம். ஒன்பதாவது “ம்”முக்கு மாட்டுப் பண்ணை ஓரமாக வண்டியை நிறுத்தி, சாவியை என் மடியில் போட்டுவிட்டு, மீதி தூரத்தை நடந்தே வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு என்னோடு ஸ்டியரிங் பிடித்ததில்லை. ஊர் முழுக்க சைக்கிள்தான். ‘இவளுக்கு வண்டி ஓட்டுகிற மனவுறுதி இல்லை’ என்று நான் அப்போது முடிவு கட்டினேன். என் புத்தி எப்படிப்பட்டது என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

வீட்டிலும் நான் அதிகாரிதான். பரீட்சை முடிந்ததும் ஆளை எதிரே உட்காரவைத்து, நல்லது ஒன்று, கெட்டது ஒன்று சொல்லி முடிவைச் சொல்வது வழக்கம். அந்த வழக்கத்தை அப்படியே சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு கோடை விடுமுறை முடிந்து வந்த மறுநாளும் காபியோடு உட்கார்ந்து ஆளுக்கு ஒரு மேடு, ஒரு பள்ளம் சொல்லவேண்டும். விடுமுறையில் மனசு உயர்ந்த இடம் மேடு, விழுந்த இடம் பள்ளம். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் பேசக் கூடாது. அந்தக் கடைசி விதியில் எனக்கு ரொம்பப் பெருமை. இருபத்தெட்டு வருஷம் ஒரே விடுமுறை முகாமுக்குத்தான் போனோம். வீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரம், பைன் மரக்காடு, வழி நெடுக ஒரு மேடு கிடையாது. குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்பார்களே, அதையே காருக்குப் பின்னால் கேரவன் என்கிற சக்கர வீட்டைக் கட்டிக்கொண்டு செய்தேன். ரென்ஸ்கே வருஷா வருஷம், “மேடு, வெயில் அடிச்சது. பள்ளம், மழை பெய்ஞ்சது” என்பாள். மகள் ஹிஸ்கே பதினாறு வயதில், “பள்ளம், போனது. மேடு, வந்தது” என்றாள். விதி இருந்ததால் என்னால் அவளைத் திட்ட முடியவில்லை.

தொண்ணூற்றேழாம் வருஷம் மார்ச்சில் ரென்ஸ்கேவுக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. வழக்கம்போல வரவேற்பறையில் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. வட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் மூழ்கியவர்கள். கேக் ஒரு துண்டு எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததும் ரென்ஸ்கே கரண்டியைக் கோப்பையில் தட்டினாள்.

“இந்த வருஷம் நாங்க இத்தாலி போறோம்” என்றாள். நான் கேக்கை விழுங்குவதற்குள், “அது கெர்பெனுக்குப் பரீட்சை. திரும்பி வந்து மேடு பள்ளம் சொல்ற அன்னைக்கு ரிசல்ட் சொல்லுவேன். மூழ்கிட்டான்னா அடுத்த வருஷத்துலேருந்து நான் தனியாத்தான் போவேன்” என்றாள்.

வட்டம் முழுக்கக் கைதட்டல். பாதிரியார் மனைவிகூடத் தட்டினாள். ஷூர்ட் எழுந்தே நின்றான். “அக்கா, எழுதுறதுக்கு அட்டை வேணுமா? நான் வாங்கித் தர்றேன். மூணு தடவை மூழ்கினவன் காசுல வாங்கின அட்டைன்னு ஒரு திருப்தி இருக்கட்டும்.”

எல்லோரும் போன பிறகு சமையலறையில் கேட்டேன். “விளையாட்டுக்குத்தானே சொன்னே?”

“கெர்பென், முப்பத்தாறு வருஷத்துல நான் உன்கிட்ட என்னைக்காவது விளையாட்டுக்குப் பேசியிருக்கேனா?”

யோசித்துப் பார்த்தேன். பேசியதில்லை. ஷூர்டோடு பேசும்போது, ஹிஸ்கேயோடு பேசும்போது அவள் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள், என்னிடம் இல்லை. இருந்தாலும் பிரேக் இன்ஸ்பெக்டருக்கா பரீட்சை பயம் என்று தோளைக் குலுக்கிக்கொண்டேன்.

ஜூலையில் கிளம்பினோம். இத்தாலியில் நல்ல உருளைக்கிழங்கு கிடைக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இருபத்தைந்து கிலோ மூட்டை ஒன்றை ஏற்றினேன். காபித்தூள் ஆறு பொட்டலம், வேர்க்கடலை வெண்ணெய் நாலு பாட்டில், குடிதண்ணீர்க் கேன்கள். பாரத்தைச் சக்கரத்துக்கு மேலேதான் வைக்கவேண்டும், பின்பக்கம் வைத்தால் வண்டி ஆடும் என்று ஆயிரம் பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். இடம் இல்லாததால் கிழங்கு மூட்டையைக் கேரவனின் பின் அறையில் திணித்துக் கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் மதியம் இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில் நாங்கள் இடம் சொல்லிவைத்திருந்த முகாம் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தது என்றால், தலைக்கு மேலே தெரிந்தது. கீழே கடலும் ஊரும். ஊரிலிருந்து ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே ஒரே ஒரு வண்டி போகிற குறுகலான சாலை வளைந்து வளைந்து ஏறியது.

“இதுல கேரவனோட ஏற முடியுமா? கீழே விசாரிக்கலாமே” என்றாள் ரென்ஸ்கே.

“மேட்டைப் பத்தி என்கிட்டயா கேக்குறே?” என்றேன்.

மூன்றாவது வளைவில், எதிரே தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு மூன்று சக்கர வண்டி ஒன்று இறங்கி வந்தது. நிறுத்தவேண்டியதாயிற்று. அவன் ஓரமாக ஒதுங்கி, கையைக் காட்டி, வா என்றான். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், ஃபர்ஸ்ட் கியர் போட்டேன், கிளட்சை விட்டேன். முப்பது வருஷமாகப் பாலத்தின் மேல் பிறர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு டன் பாரத்தை இழுத்துக்கொண்டு நிஜமான மலையில் நான் ஒரு தடவைகூட வண்டியைக் கிளப்பியதில்லை என்பது அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது. வண்டி இருமியது. நின்றது. பின்னால் நகர ஆரம்பித்தது. கருகல் வாசனை. “பிரேக், பிரேக்!” என்று ரென்ஸ்கே கத்துகிறாள். யாரைப் பார்த்து? பிரேக் இன்ஸ்பெக்டரைப் பார்த்து.

கேரவனின் பின்பக்கம் தோப்புச் சுவரில் போய் மோதி நின்றது. நல்லவேளை, சுவர் இருந்தது. பின் அறைக் கதவு தெறித்துத் திறந்து, மூட்டை கிழிந்து, ஃப்ரீஸ்லாந்துக் கிழங்குகள் அத்தனையும் சாலையில் இறங்கி ஊரைப் பார்த்து உருள ஆரம்பித்தன. வளைவுகளில் கூடத் தயங்கவில்லை. நேராகச் சரிவில் குதித்து அடுத்த சாலையைப் பிடித்தன. சக்கரத்துக்குக் கல் வைக்கலாம் என்று நான் வண்டியிலிருந்து குதித்தேன். குதித்த இடத்தில் ஒரு கிழங்கு. கணுக்கால் மடங்கிக் கீழே விழுந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து ஆட்கள் வந்தார்கள். ஏப்ரனில், தொப்பியில், வாளியில் என் கிழங்குகளைச் சுமந்துகொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவள் ரொட்டிக்கடைக்காரி ஒர்னெல்லா. ஐம்பது வயசிருக்கும், கையெல்லாம் மாவு. சாலையில் கிடந்த என்னைப் பார்த்து மூச்சு விடாமல் ஏதோ சொன்னாள். நான் பேந்தப் பேந்த விழித்தேன். அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் அதே பாஷையில், நிதானமாக, தடுமாறாமல் பதில் சொன்னது. திரும்பிப் பார்த்தால் ரென்ஸ்கே.

இரண்டு குளிர்காலம் புதன்கிழமைதோறும் நூலகத்தில் இத்தாலியன் வகுப்புக்குப் போயிருக்கிறாள். பாட்டுக் குழுவுக்குப் போகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டு, எங்கே போகிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அவள் ஏதோ சொன்னதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. தக்காளி வண்டிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டான்.

“என்ன சொன்னே அவங்ககிட்ட?”

“உண்மையைத்தான் சொன்னேன். ஊர்ல நீ என்ன வேலை பார்க்குறேன்னு கேட்டாங்க.”

மானம் கப்பலேறிவிட்டது. கேரவனை ஒரு டிராக்டர் வந்து இழுத்துப் போனது. என்னைத் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்காரவைத்து மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

மறுநாள் ஒர்னெல்லா எங்களை இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு அழைத்திருந்தாள். எட்டு மணிக்கு அழைத்தால் எங்கள் ஊரில் காபியும் ஒரு பிஸ்கட்டும்தான். நான் வழக்கம்போல ஆறு மணிக்குக் கிழங்கும் இறைச்சி உருண்டையும் செய்யச் சொல்லி வயிறு முட்டச் சாப்பிட்டேன். ரென்ஸ்கே ஒரே ஒரு கிழங்கைத் தட்டில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். “நீ சாப்பிடு, எனக்குப் பசியில்லை” என்றாள். அங்கே போனால் நீளமான மேசை, பதினோரு பேர், ஒன்றன் பின் ஒன்றாகத் தட்டுகள். இரண்டாவது தட்டிலேயே எனக்கு மூச்சு முட்டியது. மூன்றாவது வந்தபோது கையால் மறைத்தேன். ஒர்னெல்லாவின் முகம் சுருங்கியது.

“என்ன சொல்றா?” என்று ரென்ஸ்கேவைக் கேட்டேன்.

“சமையல் பிடிக்கலையான்னு கேக்குறா. நீ ஆறு மணிக்கே கிழங்கு தின்னுட்டு வந்தேன்னு சொல்லட்டுமா, இல்ல உனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லட்டுமா?”

“உடம்புன்னு சொல்லு.”

அவள் கிழங்கு என்றுதான் சொல்லியிருக்கவேண்டும்; மேசை முழுக்க மறுபடி சிரிப்பு. ரென்ஸ்கே ஏழு தட்டையும் தின்றாள். கன்னம் சிவந்திருந்தது. கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினாள். இவள் இவ்வளவு பேசுவாளா என்று நான் புளித்த ஏப்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்தபோது கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. டாக்டர் பத்து நாள் காலை ஊன்றக் கூடாது என்றார். இனி வண்டியை எடுக்க ரென்ஸ்கேவை விட்டால் ஆளில்லை. முதல் நாள் ரொட்டி வாங்கப் புறப்பட்டாள். மடக்கு நாற்காலியில், கவிழ்த்த வாளிமேல் காலை நீட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணாடியைச் சரிசெய்வதற்கு முன்பே வண்டியைக் கிளப்பினாள்.

“ம்” என்றேன். சத்தியமாக வேண்டுமென்று சொல்லவில்லை. ஏப்பம் மாதிரி தானாக வந்தது.

வண்டி நின்றது. இறங்கி வந்து என் முன்னால் நின்றாள். “இன்னொரு தடவை அந்தச் சத்தம் வந்துச்சு, இந்த வாளியைத் தூக்கி உன் தலையில கவுத்துட்டுப் போயிடுவேன். இவ்வளவு வருஷமா இதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன், கெர்பென். ரொட்டி வெட்டினா ம். துணி காயப்போட்டா ம். நான் பேச ஆரம்பிச்சா ம். உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

எனக்குத் தெரியாது. வண்டிக்குள் மட்டும்தான் சொல்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, “கொஞ்சம் சுத்திட்டு வர்றேன்” என்று போனாள். மதியம் வரவில்லை. இரண்டு மணிக்கு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி முகாம் வாசலுக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு அவள் ஒரு வளைவில் வழிவிடாமல் மோதியிருந்தாள். நாலு மணிக்குக் கண்ணாடி பார்க்காமல் திரும்பி லாரிக்குக் கீழே போயிருந்தாள். ஐந்து மணிக்குக் கடலுக்குள். எங்கள் பரீட்சைத் தாளில் இருக்கிற தப்புகளின் வரிசைப்படி அவளைச் சாகடித்துக்கொண்டே வந்தேன். போகிற வருகிற முகாம்காரர்களையெல்லாம் நிறுத்தி, வெள்ளை வண்டியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எனக்கு அவ்வளவு பயம். இவள் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றுமே இல்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் முதன்முதலாகப் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

ஏழு மணிக்கு வெள்ளை வண்டி வளைவில் ஏறி வந்தது. வாசலுக்குக் கீழே, மகா செங்குத்தான இடத்தில், ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது. ரென்ஸ்கே நிறுத்தினாள். நாய் எழுந்து சோம்பல் முறித்துப் போகிறவரை காத்திருந்தாள். அப்புறம் கிளப்பினாள். வண்டி ஒரு நூல்கூடப் பின்னால் நகரவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு சுத்தமான மேடு எடுப்பை நான் பார்த்ததில்லை. வண்டியை என் பக்கத்தில் நிறுத்தி இறங்கினாள். வெயிலில் மூக்கு சிவந்து, தலைமுடி காற்றில் கலைந்து, கையில் காகிதப் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டு வந்தாள்.

கட்டிப்பிடித்திருக்கலாம். பயந்துபோனேன் என்று சொல்லியிருக்கலாம். பிரமாதம் என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்.

“ஹேண்ட்பிரேக்கை அரை நொடி லேட்டா விட்டே” என்றேன்.

அவள் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டுக் கேரவனுக்குள் போய்விட்டாள். எனக்காக வாங்கி வந்த வறுத்த நெத்திலி. உட்கார்ந்து ஒன்றுவிடாமல் தின்றேன். கண் கலங்கிக்கொண்டே தின்றேன், ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் அவள் தினமும் ஊருக்குள் போனாள், ஒர்னெல்லாவின் கடையில் உட்கார்ந்து பேசினாள், வந்தாள். என்னிடம் கோபமாக இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டாள், என் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் நடந்துகொள்வது மாதிரி.

வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் காலை மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். சாட்சிக்கு ஹிஸ்கே வந்திருந்தாள். முப்பது வயசாகியும் அவள் வாய் அடங்கவில்லை. “அப்பா, வேர்க்குது உனக்கு” என்றாள். நான் முதலில் சொன்னேன். மேடு, முழுசாக ஊர் வந்து சேர்ந்தது. பள்ளம், ஹேண்ட்பிரேக்கைப் பற்றிச் சொன்னது. ரென்ஸ்கே என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதை நான் சொல்வேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பிறகு அவள் ஆரம்பித்தாள். “என் மேடு அந்த வியாழக்கிழமை. மலையெல்லாம் இறங்கி ஏறி, வழி கேட்டு, ஒரு கடையில நின்னுக்கிட்டே காபி குடிச்சு, கடல்ல கால் நனைச்சு... காலையில எட்டு மணிலேருந்து சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் நான் உன்னை ஒரு தடவைகூட நினைக்கலை, கெர்பென். திரும்பி வர்ற வழியில ஊருல நெத்திலி வாங்கினப்பதான் நினைச்சேன், அதுவும் கூட நின்ன ஒர்னெல்லா ‘உன் வீட்டுக்காரருக்கு’ன்னு சொன்னதால.”

ஹிஸ்கே கோப்பையைக் கீழே வைத்தாள்.

“பள்ளமும் அதேதான்” என்றாள் ரென்ஸ்கே. “வாசல்ல உன்னை அந்த நாற்காலியில பார்த்ததும் திக்குன்னு ஆயிடுச்சு. முப்பத்தாறு வருஷம் கூட இருந்த மனுஷனை ஒரு நாள் முழுக்க மறந்துட்டேனே, அது எனக்கு அவ்வளவு சுகமா இருந்துச்சேன்னு பயந்துட்டேன்.”

நான் வாயைத் திறந்தேன். “அப்பா, விதி” என்றாள் ஹிஸ்கே. மூடிக்கொண்டேன். பதில் பேசக் கூடாது என்று விதி போட்ட மடையன் யார் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் கையைத் தூக்கியிருப்பேன். வலித்தது. திட்டியிருந்தால், கஞ்சன், முரடன், கிழங்கு தின்னி என்று சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

“மூழ்கிட்டே” என்றாள். “அடுத்த வருஷம் மூணு வாரம் நான் போறேன். மறுபரீட்சை எழுதணும்னா கடைசி வாரம் ரயில்ல வா. வரணும்னு கட்டாயம் இல்லை.”

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. இறைச்சிக் கடைக்காரர் அன்று எனக்கு நல்ல துண்டாக வெட்டித் தந்தார், பரிதாபப்பட்டிருக்கவேண்டும்.

அந்த ஒரு வருஷத்தில் நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். வீட்டில் “ம்” வருகிறபோதெல்லாம் இருமப் பழகிக்கொண்டேன். ஷூர்ட் எனக்குக் காசநோய் என்று வதந்தி கிளப்பினான். பாலத்தின் மேல் ஒரு பெண் வண்டியை நிறுத்திவிட்டுத் திணறியபோது ஜன்னல் வழியே மாடுகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவள் தானாகக் கிளப்பினாள். அப்புறம் வண்டியைச் சைக்கிள் பாதையின் மேல் நிறுத்தினாள், ஃபெயில் போட்டுவிட்டேன். புதன்கிழமைகளில் ரென்ஸ்கே வகுப்பிலிருந்து வந்ததும் இன்று என்ன படித்தாய் என்று கேட்டேன். முதல் மாதம் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

இந்த ஜூலையில் அவள் தனியாகக் கிளம்பினாள். கேரவன் இல்லை, கிழங்கு இல்லை, சின்னப் பெட்டி ஒன்று. தெருவில் நின்று கையாட்டினேன். கண்ணாடி சரிசெய்யாமல் போனாள். வாயைப் பொத்திக்கொண்டேன். கடைசி வாரத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன், அவளிடம் சொல்லவில்லை. கட்டாயம் இல்லை என்றாளே. வேண்டாம் என்று நினைக்கிறவளிடம் போய் நின்றால் அது என்ன விடுமுறை? இரண்டு வாரமாக அந்த டிக்கெட்டை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

நேற்று மத்தியானம் ஃபோன் அடித்தது. முகாமின் காசு போடும் ஃபோன். அவள் குரலுக்கு நடுவே நாணயம் விழுகிற சத்தம் கேட்டது.

“கெர்பென், இன்னைக்கு அந்த மூணாவது வளைவுல வண்டி ஆஃப் ஆயிடுச்சு. பின்னாடி ஆறு வண்டி. எல்லாரும் ஹாரன் அடிக்கிறான்.”

இருமினேன்.

“அப்ப உன்னை நினைச்சேன்.”

“என்னையா? என்னன்னு நினைச்சே?”

“நல்லவேளை, அந்த மனுஷன் பக்கத்துல இல்லைன்னு நினைச்சேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஷூர்டிடம் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் காசு செலவாகிறது என்று தெரிந்தும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் என்ன, கிளப்பிட்டேன். ஒரு அங்குலம் பின்னால போகலை. சனிக்கிழமை எத்தனை மணி ரயில்ல வர்றே? ஸ்டேஷனுக்கு வர்றேன். பின் சீட்லதான் உக்காரணும், சொல்லிட்டேன்.”

மணியைச் சொல்லி முடிப்பதற்குள் காசு தீர்ந்து ஃபோன் அறுந்துவிட்டது. நான் உடனே ஷூர்டுக்கு ஃபோன் போட்டேன்.

“டேய், உங்க அக்கா இன்னைக்கு என்னை நினைச்சாளாம்டா!”

“எதுக்கு நினைச்சா?”

“அதெல்லாம் உனக்கு எதுக்கு?” என்றேன்.